எல்லைக்கருப்பும் 82 ஆட்டமும்

வின்னிபெக் ஜெட்ஸ் அணியின் 2024-25 சீசனை நான் முழுசாகப் பார்த்தேன். லீக் ஆட்டம் 82, அதற்கு மேல் பிளேஆஃப் ஆட்டம் 13. ஆகமொத்தம் 95. அதில் நான் விட்டது நான்கே நான்கு. அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு மதுரையில் தங்கியிருந்தபோது மூன்று, மழையில் கரண்ட் போன ஒரு காலை ஒன்று. மிச்சம் 91 ஆட்டத்தையும் பார்த்த இடம், அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகிற ரோட்டில் உள்ள எங்கள் பாலவனத்தம். வீட்டு முன்கூடத்தில், திண்ணைக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன்.

என் வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமாகக் கழிந்த எட்டு மாதம் வேறு இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

ஹாக்கி என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கோவில்பட்டிதான் ஞாபகம் வரும். மட்டையும் வெள்ளைப் பந்துமாகத் தரையில் ஆடுகிற ஹாக்கி. அந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் சூரர்கள். நான் சொல்வது பனிக்கட்டி மேல் ஆடுகிற ஹாக்கி. பந்து கிடையாது, கெட்டி ரப்பரில் மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனத்தில் ஒரு வில்லை. அதன் பெயர் பக். காலில் கத்தி வைத்த ஸ்கேட் கட்டிக்கொண்டு, அணிக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பருமாக இறங்கி ஆடுகிறார்கள். இருபது நிமிஷமாக மூன்று பீரியட். எழுத்தில் சொன்னால் இவ்வளவுதான். கண்ணால் பார்த்தால் மூச்சு விட மறந்துவிடும்.

2015இல் நர்ஸ் வேலைக்காக வின்னிபெக் போனேன். கனடாவின் நட்டநடுவில், மானிடோபா மாகாணத்தின் தலைநகரம். ஜனவரியில் மைனஸ் முப்பது சர்வசாதாரணம். கண்ணிமை மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கார் பானட்டிலிருந்து ஒரு பிளக் வெளியே தொங்கும். ராத்திரி அதைக் கரண்டில் செருகி வைக்காவிட்டால் காலையில் என்ஜின் எழுந்திருக்காது. கரிசல் காட்டில், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற மண்ணில் வளர்ந்தவள் நான். ஐஸ் என்றால் மிதிவண்டிப் பெட்டியில் வருகிற சேமியா ஐஸ் என்றுதான் தெரியும். முதல் குளிர்காலம் முழுக்க ராத்திரி ராத்திரி அழுதேன்.

என்னை அந்த ஊரோடு சேர்த்து வைத்தது ஹாக்கிதான். வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஆட்டம் இருக்கிற சாயங்காலங்களில் மாத்திரை கொடுக்கப் போனால் வாயைத் திறக்க மாட்டார். கண் டிவியை விட்டு நகராது. விளம்பரம் வரும் நேரத்தில் எனக்குக் கதை சொல்வார். 1996இல் பணமில்லாமல் ஜெட்ஸ் அணி வின்னிபெக்கை விட்டுப் போனது. போகவிடாமல் தடுக்க ஊரே திரண்டு வசூல் செய்தது. சின்னப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து சில்லறையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்படியும் அணி போய்விட்டது. எங்கே போனது தெரியுமா? அரிசோனா பாலைவனத்தில் இருக்கிற ஃபீனிக்ஸுக்கு. "பனியில் பிறந்த அணியைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்கள்" என்று சொல்லும்போது அவர் குரல் கம்மும். என் ஊர்ப் பெயரைக் கேட்டவர்கள் எல்லாம் பாலைவனமா என்று கேட்டுத்தான் பழக்கம். அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் என் ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

பதினைந்து வருஷம் அந்த ஊர் அணியில்லாமல் காத்துக் கிடந்தது. 2011இல் அட்லாண்டாவில் ஆடிக்கொண்டிருந்த த்ராஷர்ஸ் அணியை ஒரு வின்னிபெக் நிறுவனம் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தது. பழைய பெயரையே சூட்டியது: ஜெட்ஸ். சீசன் டிக்கெட் பொது விற்பனைக்கு வந்ததும் நிமிஷக் கணக்கில் தீர்ந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் ட்ரூ நார்த். கனடாவின் தேசிய கீதத்தில் அந்த இரண்டு வார்த்தையும் ஓரிடத்தில் வரும். ஆட்டத்துக்கு முன் கீதம் பாடும்போது அந்த இடம் வந்ததும் அரங்கத்தில் உள்ள பதினைந்தாயிரம் பேரும் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் கூரை அதிரக் கத்துவார்கள். போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு ஊர் சொல்கிற நன்றி அது. முதல் தடவை கேட்டபோது ஏன் கத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவர் சொன்ன கதையோடு சேர்த்துப் பார்த்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்கப்புறம் எந்த ஆட்டத்திலும் என் குரல் அதில் தவறியதில்லை.

அரங்கத்தில் கேட்கிற சத்தத்தைச் சொல்ல வேண்டும். டிவியில் பாதிதான் வரும். ஆட்டக்காரர் வேகமாகப் போய்ச் சட்டென்று திரும்பும்போது ஸ்கேட் கத்தி ஐஸைச் சீவும். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் கோடித் துணியில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழிப்பார்களே, அச்சு அசல் அந்தச் சத்தம். பத்து ஜோடிக் கால் ஒரே நேரத்தில் துணி கிழித்தால் எப்படி இருக்கும்! அதற்கு நடுவே மட்டையில் பக் படுகிற 'டக்'. அது பலகையில் மோதுகிற 'டமார்'. சத்தத்தை வைத்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

2024 செப்டம்பர் கடைசியில், அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் என்பதால் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். பெட்டியில் அம்மாவுக்குத் தைலம், சாக்லேட், ஒரு கம்பளிச் சால்வை, அதோடு ஜெட்ஸ் முத்திரை போட்ட ஒரு பக். சந்தா கட்டி போனில் ஆட்டத்தைப் போட்டு டிவியில் இணைத்துவிட்டேன். வின்னிபெக்கில் ராத்திரி ஏழு மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்குக் காலை ஆறரை. கோலம் போட்டு, காபி குடித்து உட்கார்ந்தால் ஆட்டம் ஆரம்பம். இதைவிடப் பொருத்தமான நேரம் யாருக்குக் கிடைக்கும்?

முதல் ஆட்டம் அக்டோபர் 9, எட்மன்டன் ஊரில். நமக்கு மறுநாள் காலை. புரட்டாசிக் கடைசி, வெளியே முதல் மழையை எதிர்பார்த்து மானாவாரிக் காட்டை உழுது போட்டிருந்தார்கள். எட்மன்டன் அதற்கு முந்தின சீசனில் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதி வரை போன அணி. அவர்களை அவர்கள் ஊரிலேயே 6-0 என்று அடித்தார்கள்! அங்கிருந்து வரிசையாக எட்டு வெற்றி. டொராண்டோவிடம் ஒரு தோல்வி. மறுபடியும் ஏழு வெற்றி. என்.எச்.எல். என்கிற இந்த லீக்கின் வரலாற்றிலேயே முதல் 16 ஆட்டத்தில் 15ஐ ஜெயித்த முதல் அணி இதுதான். இங்கே மழை பெய்து, சோளமும் பருத்தியும் முளைவிட்டு வந்த நாள்களில் அங்கே ஜெட்ஸ் தோற்கவே மறந்திருந்தது.

அம்மா முதல் வாரம் டிவியை ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். "என்னத்தா இது, காலங்காத்தால மல்லுக்கட்டு?" என்பாள். பிறகு கோல்கீப்பரைக் கவனிக்க ஆரம்பித்தாள். கானர் ஹெல்லபக். முகமூடி, தொடை வரைக்கும் மெத்தை கட்டின கால், ஒரு கையில் வலைக்கையுறை, மறு கையில் அகல மட்டை. ஐந்து பேர் பாய்ந்து வந்தாலும் அலட்டிக்கொள்ள மாட்டார். மற்ற கோல்கீப்பர்கள் விழுந்து புரண்டு தடுப்பார்கள். இவர் பக் வருகிற இடத்தில் ஏற்கெனவே இருப்பார். ஒருநாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "எல்லைக்கருப்பு மாதிரியில்ல உக்காந்திருக்கான்! இவனத் தாண்டி ஊருக்குள்ள எவன் வருவான்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஹெல்லபக்குக்கு அந்தப் பெயர்தான். எல்லைக்கருப்பு இன்றைக்கு உண்டா, ஓய்வா என்பதுதான் அம்மா காலையில் கேட்கிற முதல் கேள்வி. லீக் முடியும்போது 47 வெற்றி, எதிரணியை ஒரு கோல்கூடப் போடவிடாமல் காத்த ஆட்டம் எட்டு. எங்கள் கருப்பு எங்களைக் கைவிடவில்லை.

விதிகளையும் அம்மாவே பிடித்துக்கொண்டாள். அதற்குக் காரணம் கபடி. எங்கள் பக்கத்தில் கபடி தெரியாத பொம்பளை கிடையாது. இதில் தப்பாட்டம் ஆடுகிறவரை இரண்டு நிமிஷம் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார வைப்பார்கள். அவருடைய அணி அதுவரை ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். இரண்டு நிமிஷம் முடிவதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டால் கூண்டில் இருப்பவர் உடனே வெளியே வந்துவிடலாம். அம்மா யோசித்தாள். "கபடில நம்ம ஆளு பாயிண்ட் எடுத்தா நம்ம ஆளு உள்ள வருவான். இங்க எதிரி எடுத்தா நம்ம ஆளு வெளிய வர்றான். அவனால வந்த நஷ்டம் முடிஞ்சிருச்சுன்னு விட்டுர்றாங்க, அப்பிடித்தான?" ஒன்பது வருஷம் பார்த்த எனக்கு இது தோன்றியதில்லை.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாறுவதும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவர் களத்தில் நிற்பது முக்கால் நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம். உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, பலகையைத் தாண்டி வெளியே குதிப்பார். அடுத்தவர் உள்ளே குதிப்பார். விசில் கிடையாது, நிறுத்தம் கிடையாது. "களையெடுக்கையில நெரை மாத்துற மாதிரி" என்றாள். நான் சொன்ன இன்னொரு விஷயமும் அவள் மனசில் தங்கிவிட்டது. பக் சாதாரணமாக இருந்தால் ரப்பர் பந்து மாதிரித் துள்ளும். அதனால் ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துத்தான் களத்தில் போடுவார்கள். அடுத்த நாள் பார்த்தால், நான் கொண்டுவந்த பக்கை டிவி மேலே காணோம். ஃப்ரீசரில், கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் நாள் ராத்திரி அம்மா அதை உள்ளே வைப்பாள். காலையில் எடுத்து டிவிக்கு முன் ஸ்டூலில் வைப்பாள். ஆட்டம் முடிவதற்குள் அதைச் சுற்றி ஸ்டூலில் தண்ணீர் வட்டமாக நிற்கும்.

தை பிறந்து மாசி வரை பொற்காலம். வரிசையாக 11 வெற்றி வந்தது அப்போதுதான். இந்த அணியின் வரலாற்றிலேயே அதுதான் நீளமான தொடர். கைல் கானர் 41 கோல் போட்டார். மார்க் ஷைஃப்லி 39. இந்த ஷைஃப்லியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அணி வின்னிபெக்குக்குத் திரும்பி வந்த 2011இல் முதன்முதலில் தேர்ந்தெடுத்த இளம் ஆட்டக்காரர் அவர்தான். அன்றிலிருந்து வேறு அணிக்குப் போகவே இல்லை. குளிருக்குப் பயந்து பெரிய ஆட்டக்காரர்கள் பலர் வர மறுக்கிற ஊரில் வேரூன்றி நின்றவர். எனக்கு அந்த அணியில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

சித்திரை பிறந்ததும், காட்டில் பருத்தி எடுத்து முடிக்கிற சமயத்தில், லீக் முடிந்தது. 56 வெற்றி, 116 புள்ளி. 32 அணிகளில் முதலிடம். அதற்கான பிரசிடென்ட்ஸ் டிராஃபி இந்த அணிக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஏழரை லட்சம் ஜனம் உள்ள ஊர், லீக்கிலேயே சின்ன ஊர்களில் ஒன்று, நியூயார்க்கையும் டொராண்டோவையும் பின்னால் தள்ளிவிட்டது. நான் தெருவில் இரண்டு கிலோ லட்டு கொடுத்தேன்.

லீக் முடிந்து கோப்பைக்கான பிளேஆஃப் வந்தால் வின்னிபெக்கில் ஒரு வழக்கம் உண்டு. 1987இலிருந்து நடக்கிறது. அரங்கத்துக்கு வருகிற அத்தனை பேரும் வெள்ளை உடுத்தி வர வேண்டும். தலையிலிருந்து கால் வரை வெள்ளை. 2018இல் நானே அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். டிக்கெட் கிடைக்காமல் தெருவில் பெரிய திரையில் பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருத்தி. இந்தத் தடவை டிவியில் கேமரா அரங்கத்தைச் சுற்றிக் காட்டியதும் அம்மா திடுக்கிட்டுக் கேட்டாள்: "ஏத்தா, ஊரே வெள்ளை கட்டியிருக்கே. யாரு செத்தது?"

அப்பா போன பிறகு அம்மா வெள்ளைச் சேலைதான் கட்டுகிறாள். எங்கள் ஊரில் அந்த வயசுக்காரர்களுக்கு அது இன்னும் மாறவில்லை. கல்யாண வீட்டில் முன்னால் வந்து நிற்க யோசிக்கிறவள். "யாரும் சாகலம்மா. சந்தோஷத்துக்குக் கட்டுறாங்க. இன்னைக்கு வெள்ளை கட்டாதவங்களத்தான் அங்க ஒரு மாதிரி பாப்பாங்க" என்றேன். அம்மா ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்து நேராகப் போட்டுக்கொண்டு டிவிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் சுற்று செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணியோடு. ஏழு ஆட்டத்தில் நான்கை ஜெயிக்கிறவர் அடுத்த சுற்று. வின்னிபெக்கில் நடந்ததெல்லாம் நமக்கு; செயின்ட் லூயிஸில் நடந்ததெல்லாம் அவர்களுக்கு. அங்கே எல்லைக்கருப்பு தடுமாறினார். மூன்று ஆட்டத்திலும் பாதியில் அவரை வெளியே எடுத்தார்கள். "எல்லை விட்டு எல்லை போனா கருப்புக்குப் பலம் கொறையும்" என்று அம்மா சமாதானம் சொன்னாள். 3-3. ஏழாவது ஆட்டம் வின்னிபெக்கில்.

2025 மே 5, நமக்கு விடியற்காலை. முதல் நாள்தான் அக்னி நட்சத்திரம் பிறந்திருந்தது. நாலரை மணிக்கே காற்றில் சூடு. காயத்தால் ஷைஃப்லி ஆடவில்லை. ஆட்டம் ஆரம்பித்த சிறிது நேரத்தில் முக்கியத் தடுப்பாட்டக்காரர் ஜோஷ் மோரிஸியும் அடிபட்டு உள்ளே போனார். முதல் பீரியடிலேயே இரண்டு கோல் வாங்கியாயிற்று. இரண்டாவது பீரியடில் பெர்ஃபெட்டி என்ற 23 வயசுப் பையன் ஒரு கோல் திருப்பினான். அந்த பீரியட் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது மூன்றாவதும் வாங்கினோம். 3-1. அம்மா எழுந்து போய் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

கடைசி பீரியட் ஓடுகிறது, ஓடுகிறது, கோல் விழவில்லை. மூன்று நிமிஷம் மிச்சம் இருக்கும். ஹெல்லபக் கோலை விட்டுவிட்டு வெளியே ஓடினார். அம்மா பதறிவிட்டாள்: "கருப்பு கோயில விட்டுட்டு எங்க போறாரு?" காவலைக் கைவிட்டு, அவருக்குப் பதிலாக ஆறாவது ஆளை அடிக்க இறக்குவார்கள், வேறு வழியில்லாதபோது செய்கிற காரியம் என்று சொன்னேன். வெறும் கோல். எதிரி எங்கிருந்து தட்டினாலும் கதை முடிந்தது. 1 நிமிஷம் 56 விநாடி மிச்சமிருக்கையில் நமெஸ்ட்னிகாவ் அடித்தார். 3-2. மறுபடியும் கோலைக் காலி செய்தார்கள். நிமிஷம் கரைந்தது. பத்து விநாடி. ஐந்து விநாடி. கைல் கானர் கோலுக்கு முன்னால் ஒரு பக்கை அனுப்பினார். கூட்டத்துக்குள் நின்ற பெர்ஃபெட்டியின் மட்டையில் பட்டுத் திரும்பி...

உள்ளே! உள்ளே போய்விட்டது! கடிகாரத்தில் மிச்சம் ஏறத்தாழ மூன்று விநாடி. ஏழாவது ஆட்டம் ஒன்றில் இத்தனை கடைசியில் யாரும் சமன் செய்ததே இல்லை, ஸ்டான்லி கோப்பை வரலாற்றில். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. புது முழங்காலோடு அம்மா ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

ஓவர்டைம் என்பது யார் முதலில் கோல் போடுகிறாரோ அதோடு முடிகிற ஆட்டம். முதல் இருபது நிமிஷம் கோல் இல்லை. அதற்குள் வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. மல்லிகைப்பூ கொண்டுவந்த அக்கா கூடையை இறக்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியும் தூக்குவாளியுமாகப் போன நான்கைந்து பேர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. அம்மா அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வெள்ளையா இருக்கிற கூட்டம் பூராவும் நம்ம ஆளுங்க. அந்தா நிக்கிறான் பாரு, முகமூடி, அவன்தான் எல்லைக்கருப்பு." யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

இரண்டாவது ஓவர்டைமில் 16 நிமிஷம் 10 விநாடி. தூரத்திலிருந்து நீல் பியாங்க் அடித்ததை, கோலுக்கு முன்னால் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்ற கேப்டன் ஆடம் லவ்ரி மட்டையால் லேசாகத் தொட்டார். அவ்வளவுதான். 4-3. வின்னிபெக்கில் பதினைந்தாயிரம் பேர் வெள்ளைத் துண்டைச் சுழற்றினார்கள். பாலவனத்தத்தில் மண்வெட்டிக்காரப் பெரியம்மா ஒருத்தி குலவை போட்டாள்! அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். ஐந்தாறு பேர் குலவை போட, திரையில் அந்தப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆடம் லவ்ரியிடம் போய் யாராவது சொல்லுங்கள், உங்கள் கோலுக்கு முளைப்பாரிக்குப் போடுகிற குலவை போட்டார்கள் என்று.

அடுத்தது டாலஸ் ஸ்டார்ஸ். வின்னிபெக்கில் நம்மவர்கள் இரண்டு தடவை 4-0 என்று அடித்தார்கள். ஆனாலும் டாலஸ் 3-2 என்று முன்னால் இருந்தது. ஆறாவது ஆட்டம் அவர்கள் ஊரில். மே 17 ராத்திரி, நமக்கு 18 விடியல். அன்றைக்குக் காலையில்தான் செய்தி வந்தது: ஷைஃப்லியின் அப்பா முந்தின ராத்திரி இறந்துவிட்டார்.

ஷைஃப்லி அன்றைக்கு ஆட வந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் திரையில் அவரைத் தேடினாள். இரண்டாவது பீரியடில் நம்முடைய முதல் கோலை அவரேதான் போட்டார். பெரிதாகக் கொண்டாடவில்லை. கூட வந்தவர்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு 1-1 ஆயிற்று. ஆட்டம் முடியப் பதினைந்து விநாடிகூட இல்லை. டாலஸ்காரர் ஒருவர் தனியாகப் பிய்த்துக்கொண்டு கோலை நோக்கிப் போகிறார். விட்டால் கோல், சீசன் முடிந்தது. பின்னால் துரத்திய ஷைஃப்லி எட்டி மட்டையை நீட்டினார். டாலஸ்காரர் தடுக்கி விழுந்தார். கோல் தடுக்கப்பட்டது. ஷைஃப்லிக்கு இரண்டு நிமிஷக் கூண்டு. ஓவர்டைமில் ஓர் ஆள் குறைவாக ஆடிய ஜெட்ஸ், ஒன்றரை நிமிஷத்தில் கோல் வாங்கியது. 2-1. ஷைஃப்லி கூண்டுக்குள் இருந்தபடி அதைப் பார்த்தார்.

பிளேஆஃப் சுற்று முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் நின்று கை குலுக்குவார்கள். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. அன்றைக்கு அந்த வரிசை நகரவே இல்லை. ஜெயித்தவர்கள் ஷைஃப்லியிடம் வந்ததும் நின்றுவிட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், காதில் ஏதோ சொன்னார்கள். துக்க வீட்டில் வாசலில் நிற்கிற மகனிடம் ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடிப்போமே, அப்படியே இருந்தது.

அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா செத்த சேதி வந்தப்ப நீ என்ன செஞ்சிக்கிட்டிருந்த?"

ஆறு வருஷமாக அவள் கேட்காத கேள்வி. 2019 ஜனவரி. ராத்திரி ஷிஃப்டில் மூன்று மணிக்குப் போன் வந்தது. விமானம் மறுநாள்தான். வெளியே பனிப்புயல். மாற்று ஆள் வர முடியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். காலை ஏழு மணி வரை வேலை பார்த்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டார்கள். அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பார்களோ என்று பயம். அன்றைக்கு, ஷைஃப்லி கைக்குட்டையில்லாமல் கையுறையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துக்கொண்டே, சொல்லிவிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அந்த வார்டுல இருந்தவங்க பொழச்சாங்களா?"

"பொழச்சாங்கம்மா."

"ம்" என்றாள். என் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

கோப்பையை அந்த வருஷம் ஃபுளோரிடா வாங்கிப் போனது. போகட்டும். வின்னிபெக்குக்கு அந்தக் கோப்பை புதுசில்லை. ஜெட்ஸ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1896இலும் 1901இலும் வின்னிபெக் விக்டோரியாஸ் என்ற அணி ஸ்டான்லி கோப்பையை வென்றிருக்கிறது. 1901 என்பது எங்கள் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கிய வருஷம். என் இரண்டு ஊருக்கும் ஒரே வருஷத்தில் நல்லது நடந்திருக்கிறது என்பதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். ஜூனில் ஹெல்லபக்குக்கு லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதான ஹார்ட் டிராஃபி கிடைத்தது. பத்து வருஷத்தில் ஒரு கோல்கீப்பர் அதை வாங்கியது அதுவே முதல் தடவை. "கருப்புக்கு மாலை விழுந்திருச்சு" என்றாள் அம்மா.

அதற்கு முன், டாலஸில் தோற்ற அன்று மத்தியானம், வெயில் தாங்காமல் மோருக்குப் போட ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். பக் அங்கேயே இருந்தது. காலையில் துக்கச் செய்தியில் அதை வெளியே எடுத்து வைக்க இருவருக்கும் மறந்துபோயிருக்கிறது. எடுத்து டிவி மேலே வைக்கப் போனேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"உள்ளயே இருக்கட்டும்த்தா. பெரட்டாசிக்கு வேணும்ல."